மாமாவின் ரூஹடாக்

நீண்ட சைக்கிள் பயணம் போகிறவர்கள் எல்லோரும் ஒன்று சொல்வார்கள்: மூன்று நாள் ஓடினால் ஒரு நாள் நிற்க வேண்டும். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. லண்டனில் இருந்து ஒரு வார லீவு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தது சும்மா இருக்கவா?

இந்தக் கோடையில் நானும் ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த என் மச்சாளும் ரோமர்-லிப்பே பாதையில் ஓடினோம். டெட்மோல்டுக்குப் பக்கத்தில் உள்ள ஹெர்மன் சிலையில் தொடங்கி, லிப்பே ஆற்றோடு கூடவே போய், ரைன் கரையோரம் சாண்டன் நகரில் முடியும் 295 கிலோமீட்டர் பாதை அது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ரோமப் படைகள் இந்த ஆற்று வழியாகத்தான் கிழக்கே போயின. நாங்கள் எதிர்த்திசையில் வந்தோம். பாடர்போர்ன், லிப்ஸ்டாட் தாண்டி மூன்றாம் நாள் மாலை ஹம் நகருக்கு வந்து சேர்ந்தபோது என் முழங்கால்கள் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தன.

"நாளைக்கு ரூஹடாக்," என்றாள் மச்சாள்.

ஜெர்மனியில் ஒரு நாளாவது இருந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். சாப்பாட்டுக் கடைக் கதவுகளில் தொங்கும். 'இன்று எங்களுக்கு ஓய்வு நாள், பிறகு வாருங்கள்' என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமையோ நாடு முழுவதற்குமே ரூஹடாக் மாதிரித்தான். சூப்பர் மார்க்கெட் பூட்டியிருக்கும். புல் வெட்டும் மெஷின் சத்தம்கூடக் கேட்காது. ஞாயிறு ஓய்வுக்கான நாள் என்று 1919-இல் அரசியலமைப்பிலேயே எழுதி, 1949-இல் புதிய அரசியலமைப்பிலும் அதை அப்படியே சேர்த்துக்கொண்ட நாடு இது.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணி வரை படுத்திருந்தோம். மூன்று நாள் உடுப்பைத் தோய்த்து ஜன்னலில் காயப்போட்டோம். பழைய பல்துலக்கி ஒன்றால் சங்கிலியில் இருந்த சேற்றைத் தேய்த்து எடுத்து எண்ணெய் விட்டோம். நிற்பது ஏன் தேவை என்பதையும் அன்றைக்குத்தான் மச்சாள் எனக்கு விளங்கப்படுத்தினாள். நாள் முழுக்க மிதிக்கும்போது தசைகளில் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து கரைந்துவிடும். அது திரும்ப நிறைய, நன்றாகச் சாப்பிட்டு ஏறக்குறைய ஒரு நாள் ஆறியிருக்க வேண்டும்.

"அப்ப சோறு எங்க?" என்று கேட்டேன்.

"அம்மன் கோவிலில."

ஹம் நகரின் கிழக்கே ஊன்ட்ரோப் என்ற பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, 17 மீட்டர் கோபுரத்தோடு நிற்கிறது ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில். 1989-இல் ஹம் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 2002-இல் இந்தப் பெரிய கோவிலாகக் கும்பாபிஷேகம் கண்டது. திருவிழா நேரம் பக்கத்தில் ஓடும் கால்வாயில்தான் அம்பாளுக்குத் தீர்த்தம். பை, மூட்டை ஒன்றும் இல்லாமல் மெல்ல மெல்ல சைக்கிளில் போனோம். மாமாவும் அங்கே வருவதாகச் சொல்லியிருந்தார்.

பூசை முடிந்து, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டுவிட்டு, வெளியில் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றோம். மாமா என் சைக்கிளின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார்.

"இண்டைக்கு ஓடேல்லையோ, பிள்ளை?"

"இல்லை மாமா. இண்டைக்கு ரூஹடாக்."

அவர் சிரித்தார். "நான் வந்த புதுசில எனக்கு ரெண்டரை வருசம் ரூஹடாக்."

மாமா 1985 தொடக்கத்தில் வந்தவர். கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து அகதியாகப் பதிந்த எத்தனையோ ஆயிரம் பேரில் ஒருவர். அவரை ஒரு சின்ன ஊர் முகாமுக்கு அனுப்பினார்கள். வேலை செய்யத் தடை. 1982 சட்டப்படி, விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை கொடுத்த எல்லையைத் தாண்டவும் அனுமதி வேண்டும். மீறினால் அபராதம். திரும்பவும் மீறினால் சிறைகூட வரலாம். பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 2015-இல்தான் அந்தக் கட்டுப்பாடு பெரிய அளவில் குறைந்தது.

"குப்பைக்கு வைச்ச சைக்கிள் ஒண்டு எடுத்துத் திருத்தினனான்," என்றார் மாமா. "ஒவ்வொரு நாளும் ஓடுவன். மஞ்சள் பலகை வந்தா நிப்பன்."

ஜெர்மனியில் ஒவ்வொரு ஊர் வாசலிலும் மஞ்சள் பலகை உண்டு. ஊர்ப் பெயர் பெரிதாகவும், அதற்குக் கீழே மாவட்டப் பெயர் சிறிதாகவும் இருக்கும். நாங்கள் மூன்று நாளாகப் பெரிய எழுத்தை மட்டும்தான் வாசித்துக்கொண்டு வந்தோம். மாமா வாசித்தது சின்ன எழுத்தை.

"அடுத்த மாவட்டத்தில எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் இருந்தவன். அவன்ர அம்மா ஊரில செத்துப்போனா. அவனுக்கும் போக வழியில்லை. நான் அனுமதிக்கு எழுதிப்போட்டன். பதில் வரேல்லை. பொறுக்கேலாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பலகை மட்டும் போனன். அரை மணித்தியாலம் நிண்டன். பிறகு திரும்பி வந்திட்டன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆறுதல் சொல்லக்கூடப் போகேலாமல் போச்சு."

மச்சாள் தகப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் இதை முதல்தரம் கேட்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஷிப்ட் வேலை செய்த மனிதர். லீவு நாளிலும் வீட்டில் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டே இருப்பார். 'அப்பாவுக்கு ஓரிடத்தில இருக்கத் தெரியாது' என்று அவள் எத்தனையோ தரம் என்னிடம் பகிடி பண்ணியிருக்கிறாள்.

"அப்பா, கொஞ்ச நேரம் ஓடுறீங்களா?" என்று தன் சைக்கிளை நீட்டினாள்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கால்வாய்க் கரையில் ஒரு முறை ஆடி, பிறகு நேராகப் போனார். வேட்டியோடு ஒருவர் போவதைப் படகில் இருந்தவர்கள் கை காட்டிப் பார்த்தார்கள். அவரும் கை காட்டினார்.

ஓய்வு என்றால் வேலை செய்யாமல் இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படிப் பார்த்தால் முகாமில் இருந்த மாமாவுக்கு என்னைவிட அதிக ஓய்வு. நான் அன்றைக்கு நிம்மதியாக நின்றதற்குக் காரணம், அடுத்த நாள் போகலாம் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

திங்கள் காலை மறுபடியும் ஏறினோம். முழங்கால்கள் சொன்னபடி கேட்டன. வெர்ன ஊர் மஞ்சள் பலகை வந்ததும் சொல்லிவைத்தது போல இரண்டு பேரும் நின்றோம். கீழே சின்ன எழுத்தில் 'ஊன்னா மாவட்டம்'. படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பிவிட்டு, பலகையைத் தாண்டிப் போனோம்.

சாப்பிட நின்றபோது மாமாவின் பதில் வந்திருந்தது.

"ஆறுதலாப் போங்கோ, பிள்ளையள்."