டேம் கொல்லை

பெரிய மாமா வாட்சாப்பில் அனுப்பியிருந்த கடிதம் இரண்டு பக்கம்தான். மலாய் மொழியில் இருந்தது. தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து, அதைச் சகோதரர்கள் இருவர் பெயருக்கும் மாற்றச் சம்மதிப்பதாக அம்மா கையெழுத்துப் போட வேண்டும். நான் படித்துச் சொன்னேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"ஒரு தடவ கொல்லையைப் பாத்துட்டு வந்துடலாம்டி" என்றார்.

"அப்போ போடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"பாத்துட்டு வரலாம்னுதானே சொன்னேன்."

தாத்தா இறந்தது 1991இல். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் கிராண்டில் இன்னும் தாத்தா பெயர்தான். இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. வரியை யாராவது ஒருவர் கட்டிக்கொண்டிருப்பார், பெயர் மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள். வாங்க ஆள் வரும்போதுதான் நில அலுவலகம் நினைவுக்கு வரும்.

எனக்குச் சட்டம் கொஞ்சம் தெரியும். முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம்தான் கணக்கு. அதில் பிள்ளைகளுக்குச் சமப்பங்கு. மகன், மகள் என்று பிரிக்கவில்லை. ஆனால் விசாரணை நாள் வருவதற்குள் பெண்பிள்ளைகளின் சம்மதக் கடிதங்கள் மட்டும் எப்படியோ சேர்ந்துவிடும். சுங்கை பட்டாணியில் இருக்கும் சித்தி கடிதம் கிடைத்த அன்றைக்கே போட்டு அனுப்பிவிட்டாராம்.

கிள்ளானிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அம்மா முதல் நாள் இரவே புளிச்சாதம் கட்டி வைத்திருந்தார். தாப்பா ஓய்விடத்தில் பசியாறினோம். சுற்றிலும் இத்தனை கடைகள் இருக்க, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட எனக்குத்தான் கூச்சம். அம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது. பக்கத்து மேசை மலாய்க்கார அம்மாவுக்கு ஒரு கை எடுத்து வைத்து, பேச்சுக்கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் தெரியத் தொடங்கியதும் நான் பேச்சை எடுத்தேன். நாலில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு வரும், சட்டம் என்ன சொல்கிறது, மாமாக்களுக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று சொல்லிக்கொண்டே போனேன். மெனோரா சுரங்கம் வரை அம்மா பதில் பேசவில்லை. சுரங்கத்தைத் தாண்டி வெளிச்சம் வந்ததும், "உனக்கும் அதுல கண்ணு இருக்கு, இல்ல?" என்றார்.

நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன். முந்தைய வாரமே அந்தப் பக்கத்து நில விலையைத் தேடிப் பார்த்துக் கைப்பேசியில் கணக்குப் போட்டிருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

புக்கிட் மேரா என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது நீர் விளையாட்டுப் பூங்காவும் ஓராங் ஊத்தான் தீவும்தான். அம்மாவுக்கு அது வெறும் 'டேம்'. ஏரி இயற்கையாக வந்தது இல்லை. கிரியான் வட்டார நெல் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்க குராவ் ஆற்றை மறித்து, 1906இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். இன்றைக்கும் ஏறக்குறைய 24,000 ஹெக்டர் வயல் அதை நம்பி இருக்கிறது. வறட்சியில் ஏரி இறங்கினால் பாகான் செராய் பக்கம் நடவு தள்ளிப்போகும். இரயில் பாதை ஏரியின் குறுக்கே போகிறது. சின்ன வயதில் இரயிலில் போனபோது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, இரயில் கடலில் போகிறது என்று நான் அழுததாக அம்மா சொல்வார்.

தாத்தா கித்தா மரம் சீவியவர். ஐம்பது, அறுபதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தன. லயத்து ஜனங்கள் எங்கே போவதென்று தெரியாமல் நின்ற காலம் அது. துன் சம்பந்தன் நிலக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியதும் அதனால்தான். எங்கள் தாத்தா சங்கத்துக்குக் காத்திருக்கவில்லை. வேலை போனபோது கிடைத்த தொகையையும் பாட்டியின் அட்டிகையையும் வைத்து, ஒரு சீனரிடமிருந்து டேம் ஓரமாக இரண்டு ஏக்கர் வாங்கினார். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது.

நிலம் மேட்டில் இருக்கிறது. ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக மறுபக்கத்து வயல்களுக்குப் போகும். கண் முன்னால் அவ்வளவு தண்ணீர் இருந்தும் இவர்களின் தென்னங்கன்றுகளுக்கு ஒரு சொட்டு வராது. மண்ணெண்ணெய் டின்களைக் காண்டாவில் மாட்டி, பள்ளி விட்டு வந்ததும் அம்மாதான் ஏற்றுவார். மாமாக்கள் படிக்க வேண்டும். அம்மா ஆறாம் வகுப்போடு நின்றார். இதை அம்மா குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எந்த இரயிலுக்கு எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டே ஏறினால் பாரம் தெரியாது என்பதைத்தான் சொல்வார்.

சின்ன மாமா மோட்டாரில் வந்து காத்திருந்தார். நிலத்துக்கும் ஏரிக்கும் நடுவே அரசாங்க ரிசர்வ் நிலம் ஒரு பட்டையாகக் கிடக்கிறது. அதைத் தாண்டிச் சாம்பல் நிறத்தில் தண்ணீர். பக்கத்து நிலத்தில் வரிசையாக மரவீடுகள் எழும்பியிருந்தன, தங்கும் விடுதியாம். எங்கள் பக்கம் இடுப்பளவு லாலாங். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். "பாம்பு இருக்கும்கா" என்று மாமா கத்தினார். அம்மா திரும்பவில்லை.

இருபத்திரண்டு கன்று நட்டதாம். இப்போது ஒன்பது மரம். ஒவ்வொன்றிலும் கை வைத்து அம்மா எண்ணினார். ஒன்று மட்டும் ஏரிப்பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தது. அது சின்ன மாமா ஏறி விளையாடி வளைத்த கன்று, அதற்காக அம்மாதான் அடி வாங்கினார்.

மாமா பேச்சை மாற்ற மீன் கதைக்குப் போனார். அப்போதெல்லாம் கெலிசா மீன் வலையில் மாட்டினால் முள் அதிகம் என்று முகம் சுளிப்பார்களாம். இப்போது அதே மீனை அரோவானா என்று சொல்லிக் கண்ணாடித் தொட்டியில் ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். "குஞ்சுங்களை ஆண் மீனுதான் வாயில வெச்சு வளர்க்கும்கா, தெரியுமா?" அம்மா சிரித்தார். மாமாவும் சிரித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, அந்தக் கடிதம்…" என்றார்.

"விக்கப் போறீங்களா, வெச்சிருக்கப் போறீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

"பக்கத்து நெலத்துக்காரன் கேக்கறான்கா. அண்ணன்தான் பேசிக்கிட்டு இருக்கு."

"வெச்சிருக்கறதுன்னா இப்பவே போடறேன். எனக்கு ஒரு காசு வேணாம். விக்கிறதுன்னா என் பங்கு எனக்கு வேணும். அண்ணன்கிட்ட இப்படியே சொல்லு."

வழியெல்லாம் நான் அடுக்கிய சட்டத்தில் இப்படி ஒரு நிபந்தனை இல்லை. நான் கைப்பேசியில் போட்ட கணக்கிலும் இல்லை. மாமா, "சரிக்கா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கீழே கிடந்த காய்களில் நல்லதாக நான்கைப் பொறுக்கி காரில் வைத்தது அவர்தான்.

திரும்பும்போது வளைவுகளில் தேங்காய்கள் உருண்டு இடித்துக்கொண்டே வந்தன. நிறுத்திச் சரிசெய்யட்டுமா என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார் அம்மா. தாப்பா வந்தபோது, "நாலுல ஒண்ணுன்னா எவ்வளவுடி வரும்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அவ்வளவா?" என்றார்.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. அச்செடுத்த கடிதம் இன்னும் என் காரில்தான் இருக்கிறது. தீபாவளிக்குப் பெரிய மாமா போன் செய்யவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. மூன்று காய்களைக் குழம்புக்கு உடைத்தாயிற்று. நான்காவது கொல்லைப்புறக் குழாயடியில் முளைவிட்டிருக்கிறது. எங்களுடையது தரைவீடு, பின்னால் ஆறடி சிமெண்டுத் தரைதான். இதை எங்கேம்மா நடுவது என்று நான் கேட்டால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "பாக்கலாம்" என்கிறார்.