குப்பைமேட்டுப் பரீட்சை

இங்கிலாந்தில் 1998 முதல் 2010 வரை டெலிவிஷனில் 'ஸ்க்ராப்ஹீப் சேலஞ்ஜ்' என்றொரு விநோதப் போட்டி நடந்து வந்தது. போட்டியிடும் கோஷ்டியாருக்குப் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றைத் திறந்துவிடுவார்கள். அங்கே அகப்படும் உடைந்த மோட்டார், துருப்பிடித்த குழாய், தேய்ந்த சக்கரம் இவற்றைக் கொண்டே, பத்து மணி நேரத்துக்குள், கேட்ட யந்திரத்தைச் செய்து முடிக்க வேண்டும். பிறகு அதை ஓட்டியும் காட்ட வேண்டும்.

வெறும் வேடிக்கைதானே என்று வாசகர்கள் எண்ணலாம். 1970-இல் 'அப்பல்லோ 13' விண்கலம் வழியில் பழுதுபட்டபோது, உள்ளிருந்த மூவரும் பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டும் நாடா ஆகியவற்றைக் கொண்டே காற்றைச் சுத்தி செய்யும் கருவியைப் பொருத்திக்கொண்டு உயிர் பிழைத்தார்கள். உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் வித்தை அத்தகையது!

உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்கு இது சுருக்கென்று தைக்கிறது. நெம்புகோல் விதியை ஒப்பிக்கும் பையனுக்கு முழு மார்க்குப் போடுகிறோம். கழன்ற சைக்கிள் சங்கிலியை மாட்டத் தெரிந்தவனுக்கு ஒன்றுமில்லை. குப்பைமேட்டிலோ யந்திரமே பரீட்சாதிகாரி. அதனிடம் சிபாரிசும் பலிக்காது, மனப்பாடமும் பலிக்காது.

வாரத்தில் ஒரு மணி நேரமாவது நம் குழந்தைகள் கையில் திருப்புளியைக் கொடுத்துப் பார்ப்போமே! சட்டை அழுக்காகும். ஆகட்டும், சவுக்காரம் இருக்கவே இருக்கிறது.