கேட்கத் தெரிந்த பிள்ளை

விடிகாலையில் பூந்தமல்லி–ஆவடி சாலையில் கம்பெனி பஸ்கள் போகத் தொடங்கிவிடும். அம்மா ஒரு ஷிப்ட், அப்பா ஒரு ஷிப்ட் என்று ஓடும் வீடுகள் சென்னீர்குப்பம் பக்கம் நிறைய. அப்படிப்பட்ட வீட்டின் மூத்த பெண் பதின்மூன்று வயதிலேயே உலை வைப்பாள்; தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவாள்; மகளிர் குழுத் தவணை எந்தக் கிழமை என்று யோசிக்காமல் சொல்வாள். அவளே வங்கிக்குப் போனால், படிவத்தில் ஒரு கட்டம் புரியவில்லை என்று கேட்க வாய் வராது.

*

உலக சுகாதார நிறுவனம் 1990களில் பத்து வாழ்க்கைத் திறன்களைப் பட்டியலிட்டது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, பிறர் நிலையை உணர்வது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எல்லாம் அதில் உண்டு. சோறு வடிப்பது இல்லை. ஆனால் சம்பளத் தேதிவரை இருக்கிற அரிசியை ஓட்டுவது முடிவெடுப்பது இல்லாமல் வேறென்ன?

*

குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே தங்கையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடும் பிள்ளைகள் உண்டு. இதைப் போய்ச் சமாளிக்கும் திறன் என்று யாரும் பாராட்டிவிடக் கூடாது. அது பயம்.

*

அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லாரோ, வீடு வீடாகப் போய்ப் பிள்ளை வளர்ப்பைக் கவனித்து 2003இல் ஒரு நூல் எழுதினார். நடுத்தர வர்க்கத்துத் தாய், டாக்டரிடம் போகும் வழியிலேயே ‘என்ன கேட்கப் போகிறாய், யோசித்து வை’ என்று மகனைத் தயார் செய்கிறாள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமலே விளையாட்டைத் தாங்களே நடத்திக்கொள்கிறார்கள், உறவினரோடு ஒட்டுதலாக இருக்கிறார்கள். பள்ளி, ஆஸ்பத்திரி என்றால் அடங்கிப்போகிறார்கள். இரு பக்கமும் திறமை உண்டு. ஆனால் பள்ளியும் அலுவலகமும் மதிப்பது நடுத்தர வர்க்கத்துப் பிள்ளையைத்தான். இங்கேயும் அதைத்தான் பார்க்கிறேன். அடுக்குமாடி வீட்டுப் பையனுக்குப் பிரின்சிபாலிடம் நிமிர்ந்து பேச வரும். தன் சட்டையைத் துவைக்க வராது.

*

ஒரு பிள்ளை வளரும் பின்னணி என்றதும் வருமானத்தை மட்டும் பார்ப்பது போதாது. ஒரே கூரையின் கீழ் அக்காவுக்கு ஒரு பின்னணி, தம்பிக்கு வேறு பின்னணி. அவள் அடுப்படியில், அவனுக்கு டீ போடக்கூடத் தெரியாது. இதில் இரண்டு பேருக்குமே நஷ்டம்.

*

பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 1993 முதல் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. வாழ்க்கைத் திறன் கல்வியில் முதுகலைப் படிப்பையே நடத்திய இடம். அதே சாலையில் ஷிப்டுக்குப் போய்வரும் பெற்றோரின் வீடுகளுக்கு அந்தப் படிப்பு வந்து சேர வேண்டும். அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் (2022) அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்கிறது. கல்லூரி வாசலை யாரும் மிதிக்காத வீட்டுக்கு அது பெரிய துணை. ஆனால் எதிரில் இருப்பவரிடம் கேட்கும் தைரியம் தினமும் பேசிப் பழகினால்தான் வரும்.

*

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போகும் பெற்றோர் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். எந்தத் தாள் குறைகிறது, மறுபடி எப்போது வருவது என்று பிள்ளையே கேட்கட்டும். அம்மா பக்கத்தில் நின்றால் போதும்.