கேளம்பாக்கத்துக்கு நேர் தெற்கே என்ன இருக்கிறது?

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையில் உப்பளங்களும் உப்பங்கழியும் கண்ணில் படும். அங்கிருந்து மேப்பில் நேர் தெற்கே கோடு போட்டால், அது பருத்தித்துறை அருகே இலங்கையில் ஏறி, காலி அருகே இறங்கும். அதன்பிறகு அண்டார்டிகா வரை கடல்தான்!

பழைய வரைபடங்களோ வேறு கதை சொல்கின்றன. 1570-ல் ஆர்ட்டெலியஸ் வெளியிட்ட உலக வரைபடத்தில், தென்துருவத்தைச் சுற்றி யாருமே பார்த்திராத பிரமாண்ட கண்டம். 1595-ல் வெளியான மெர்கேட்டரின் வடதுருவ வரைபடத்தில், நடுவே கறுப்புப் பாறை, சுற்றிலும் நான்கு தீவுகள். எல்லாம் கேள்விப்பட்டு வரைந்தவை. 1773-ல் கேப்டன் குக் அண்டார்டிக் வட்டத்தைத் தாண்டிய பயணத்துக்குப் பிறகே அந்தத் தெற்குக் கண்டம் சுருங்கியது.

இந்தத் தவறுகளுக்காகவே இவற்றைத் தேடிச் சேகரிப்பவர்கள் உண்டு. செப்புத்தகட்டில் அச்சான அசல் என்றால், படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய தடம் இருக்கும். லென்ஸில் வரிசையாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தால், அது இந்தக் காலத்து நகல். காசு செலவழிக்காமல் ரசிக்க, அமெரிக்க நாடாளுமன்ற நூலக இணையதளத்தை மொபைலில் திறந்தாலே போதும்.

இன்று துருவங்களைக் கருவிகள் அளக்கின்றன. 2014-ல் ஆர்க்டிக் கடலுக்குள் இந்தியா இறக்கிய ‘இண்டார்க்’ ஆய்வுக் கருவியில், பக்கத்துப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் உழைப்பும் உண்டு. துருவ நிலங்களில் உறைந்திருக்கும் பனி உருகினால் கடல் மட்டம் உயரும். தாழ்வாகக் கிடக்கும் கேளம்பாக்கம் உப்பளங்களுக்கு அது தூரத்துச் செய்தி அல்ல.