மேல்கோட்டைக்கு ஏறுமுன்

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், மண்டியா மாவட்டத்துக் குன்றின்மேல் அமைந்துள்ள ஊர் மேல்கோட்டை. புதிதாக வாங்கிய பயண டிரெய்லரைக் காரின் பின்னே பூட்டி, குடும்பத்தோடு அங்கே செல்ல விரும்புகிறீர்களா?

வழியில் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களைக் கவனியுங்கள். டன் கணக்கான பாரத்தை ஒரே ஒரு இரும்பு முளை இழுத்துச் செல்கிறது. உங்கள் டிரெய்லருக்கும் இணைப்பே உயிர்நாடி.

கொக்கி, இணைப்புத்தலை, கார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இழுக்கும் எடை வரம்பு உண்டு. அவற்றுள் மிகச் சிறிய எண்ணே உங்கள் வரம்பு. காலி டிரெய்லரின் எடையை நம்பாதிருங்கள். தண்ணீர், அடுப்பு, படுக்கை யாவையும் ஏற்றியபின் எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். கனமான பொருள்களைச் சக்கர அச்சுக்கு அருகே, சற்று முன்னே வையுங்கள். பின்பாரம் மிகுந்தால் டிரெய்லர் பாம்பைப்போல் நெளியும். கொக்கி கழன்றாலும் காப்பதற்குப் பாதுகாப்புச் சங்கிலிகள் வேண்டும். அவற்றைக் குறுக்காகப் பூட்டுங்கள்.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதே சோதனை. பாரம் காரைத் தள்ளும். ஆகவே டிரெய்லருக்குத் தனி பிரேக் இருத்தல் நலம். தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

ஓடும் டிரெய்லருக்குள் பிள்ளைகளை ஒருபோதும் அமர்த்தாதிருங்கள். கல்யாணிக் குளத்தின் அகன்ற படிகளில் அவர்கள் மகிழ்வோடு அமரட்டும்.