எண்பத்து நால்வரும் பத்துப் பேரும்

இங்கிலாந்தின் வடபகுதியில் ஷெபீல்டு என்றொரு நகரம் இருக்கிறது. நேயர்களின் பாட்டனார் காலத்துப் பேனாக்கத்தி ஏதேனும் வீட்டில் மிஞ்சியிருந்தால் அதன் அலகைத் துடைத்துப் பார்க்கலாம். அந்த ஊரின் பெயர் அதில் பொறித்திருக்கக்கூடும். கத்தியும் கத்தரிக்கோலும் செய்து உலகெங்கும் பெயரெடுத்த அவ்வூர், இந்த நூற்றாண்டில் மரம் வெட்டிப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. அதன் விளைவாக நகரசபை நடக்கும் முறையையே அவ்வூர் ஜனங்கள் மாற்றி அமைத்தார்கள். இந்த விருத்தாந்தத்தைச் சென்ற பருவத்தில் நம்முடைய பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குச் சொற்போர் விஷயமாகக் கொடுத்தோம். நகரசபைக்கு ஏற்றது மந்திரிசபை முறையா, கமிட்டி முறையா என்பது கேள்வி. சினிமாவைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ கொடுத்திருக்கலாகாதா என்று பிள்ளைகள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். மரக்கதையைச் சொன்ன பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கதைக்கு முன்னால் முறைகளைச் சற்று விளக்கிவிடுவது நல்லது. 1835-ம் வருஷத்து முனிசிபல் சட்டம் வந்த காலந்தொட்டு இங்கிலாந்தின் நகரசபைகள் கமிட்டிகளைக் கொண்டே காரியங்களை நடத்தி வந்தன. கல்விக்கு ஒரு கமிட்டி, வீடுகளுக்கு ஒரு கமிட்டி, சாலைகளுக்கு ஒரு கமிட்டி. எல்லாக் கட்சி அங்கத்தினர்களும் தத்தம் பலத்துக்குத் தக்கபடி அவற்றில் அமர்ந்து, விவாதித்து, கை தூக்கி முடிவு செய்வார்கள். இது மந்தமான முறை என்று அறிஞர்கள் குறை கூறி வந்தார்கள். முடிவில் 2000-ம் வருஷத்துச் சட்டம், மிகச் சிறிய சபைகள் நீங்கலாக மற்றவற்றில் இம்முறையை ஒழித்தது. அதற்குப் பதிலாகத் தலைவர் ஒருவரும் அவரைச் சூழ்ந்த சிறு மந்திரிசபையும், அல்லது ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கும் மேயரும் வந்தார்கள். தலைவரையும் சேர்த்து மந்திரிசபையில் பத்துப் பேருக்கு மேல் இருக்கலாகாது. ஷெபீல்டு நகரசபையின் அங்கத்தினர் எண்பத்து நால்வர். மற்ற எழுபத்து நால்வருக்கும் என்ன வேலை? வரவு செலவுத் திட்டம் போன்ற சில பெருங்காரியங்களில் வோட்டளிக்கலாம், மற்றபடி, பத்துப் பேர் செய்தது சரியா என்று பரிசீலிக்கலாம், யோசனை சொல்லலாம். முடிவு மட்டும் அவர்கள் கையில் இல்லை.

இனி மரங்களின் கதை. 2012-ல் ஷெபீல்டு நகரசபை தன் சாலைகளையெல்லாம் இருபத்தைந்து வருஷங்களுக்கு ஒரு தனிக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 200 கோடி பவுன். சாலைகளைச் செப்பனிடும்போது ஓரத்து மரங்களும் விழத் தொடங்கின. நோயுற்ற மரம் வீழ்ந்தபோது யாரும் பேசவில்லை; நல்ல மரங்களும் வேர் சற்றே நடைபாதையைத் தூக்கிய குற்றத்துக்காக வீழ்ந்தபோது ஜனங்கள் கூடிவிட்டார்கள். 2016 நவம்பர் 17-ந் தேதி, விடிய வெகு நேரம் இருக்கையில், ரஸ்ட்லிங்ஸ் ரோடு என்னும் வீதியில் போலீசார் வீட்டுக் கதவுகளைத் தட்டி, மரம் வெட்டப்போவதால் வண்டிகளை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். தடுக்க வந்தவர்களுள் எழுபது வயதைக் கடந்த இரண்டு மாதரசிகள் கைது செய்யப்பட்டார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் வீழ்ந்த பின்பே, 2018-ல், ஒப்பந்தத்தில் 17,500 என்ற எண் எழுதப்பட்டிருக்கிறது என்பது வெளிவந்தது; அதாவது நகரத்துச் சாலை மரங்களில் ஏறக்குறையப் பாதி. பின்னால் நடந்த விசாரணையின் அறிக்கை 2023 மார்ச்சில் வெளியாயிற்று. நகரசபைத் தலைமை நெடுங்காலம் தவறிழைத்தது என்று அது தீர்ப்புச் சொல்ல, நகரசபை மன்னிப்புக் கேட்டது. வெட்டிய மரம் மன்னிப்பினால் துளிர்க்கிறதா?

எங்கள் பிரதிநிதியைக் கேட்டால் தனக்கு அதிகாரம் இல்லை என்கிறார். அதிகாரம் உள்ளவரோ எங்கள் பேட்டைப் பிரதிநிதி அல்லர் என்று அந்த ஜனங்கள் கண்டுகொண்டார்கள். தேர்தலில் இன்னொருவரை நிறுத்துவதோடு அவர்கள் திருப்தி அடையவில்லை. 2011-ம் வருஷத்துச் சட்டம், பழைய கமிட்டி முறைக்குத் திரும்ப வழி விட்டிருந்தது. வாக்காளரில் நூற்றுக்கு ஐவர் கையெழுத்திட்டால் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தியே தீர வேண்டும். கடைத்தெருவிலும் பூங்காவிலும் மேஜை போட்டு இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துக்களைச் சேர்த்தார்கள். தொற்று நோயால் ஒரு வருஷம் தள்ளிப்போன வாக்கெடுப்பு 2021 மே 6-ந் தேதி நடந்தது. கமிட்டி முறைக்கு 89,670 வோட்டு. இருந்த முறைக்கு 48,727.

நம் வகுப்பில் மந்திரிசபை முறையை ஆதரித்தவர்கள் சளைத்துவிடவில்லை. "கமிட்டி இருந்திருந்தால் மட்டும் மரம் தப்பியிருக்குமா, ஐயா? ஒப்பந்தத்துக்கு ஏற்பாடு தொடங்கியது ஒரு கட்சி, கையொப்பமிட்டது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியும் கமிட்டியில் உட்கார்ந்து சேர்ந்தே கை தூக்கியிருக்குமே!" என்றான் ஒரு பையன். ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை அவன் சொன்னதை மறுக்க நம்மிடம் சரக்கில்லை. ஆயினும் ஒப்பந்தம் வேறு, அதன்பின் ஒவ்வொரு வீதியாக நடந்த காரியம் வேறு. இதை அவனுக்கு விளக்க, நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னோம்.

வெகு நாட்களுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பள்ளிக்கூடத்தின் முற்றத்தில் ஒரு வேப்ப மரம் நின்றது. அதன் நிழலில்தான் கோடையில் வகுப்பு நடக்கும். ஒரு கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அடிக்கட்டைதான் இருந்தது; சைக்கிள் கொட்டகைக்கு இடம் வேண்டியிருந்ததாம். ஆசிரியர்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எங்கள் தேகப் பயிற்சி ஆசிரியர் அன்று மாலையே தெரியப்படுத்தினார். பின்சுவரை ஒட்டி, மரத்தைத் தொடாமலே, கொட்டகைக்குப் போதிய இடம் கிடந்ததை அடியால் அளந்து காட்டினார். தலைமை ஆசிரியர் கெட்டவர் அல்லர். அந்தச் சுவர்ப் பக்கம் அவர் போனதில்லை. தினமும் பிள்ளைகளை அங்கே ஓடவிட்டவருக்குத் தெரிந்த சங்கதி, முடிவு செய்தவரின் அறைக்குள் போக வழியில்லை. ஷெபீல்டில் எழுபத்து நால்வருக்குத் தெரிந்தவை பத்துப் பேருக்கு எட்டாமல் போனது இவ்விதந்தான் என்று நினைக்கிறோம்.

ஆனால் அதே தலைமை ஆசிரியர், யார் கேட்டாலும், "தீர்மானித்தவன் நான்தான், பதிலும் நானே சொல்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் என்பதையும் மறைக்கலாகாது. கமிட்டியின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. அடுத்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்கு எழுவர் கொண்ட கமிட்டி நியமிக்கப்பட்டது. நான்கு தடவை கூடினார்கள். கூட்டத்துக்கு ஒருமுறை காப்பியும் வடையும் உண்டு. விழா மாலையில் ஒலிபெருக்கி வரவில்லை. எழுவரும் மற்ற அறுவரில் ஒருவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். பலமரம் கண்ட தச்சன் ஒருமரமும் வெட்டான் என்று பெரியோர் சொன்னது கமிட்டிக்குக் குற்றமாகவும் பொருந்தும். ஷெபீல்டு ஜனங்களைக் கேட்டால் அதுவே தங்களுக்கு வேண்டிய வரம் என்பார்கள்!

இந்தக் குறை வெறும் பள்ளிக்கூட வேடிக்கையன்று. நாட்டிங்காம்ஷயர் ஜில்லா சபை 2012-ல் கமிட்டி முறைக்குப் போய், பத்து வருஷம் அநுபவித்துவிட்டு, 2022-ல் மந்திரிசபைக்கே திரும்பியது. பிரைட்டன் நகரமும் 2012-ல் போய் 2024-ல் திரும்பியது. பிரிஸ்டல் நகரமோ எதிர்த் திசையில் நடந்தது: 2012-ல் நேரடி மேயர் வேண்டும் என்று வோட்டளித்த அதே ஜனங்கள், 2022-ல் மேயர் வேண்டாம், கமிட்டியே போதும் என்று வோட்டளித்தார்கள். அந்த இரண்டாவது வாக்கெடுப்பில் வாக்காளரில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை என்பது தனியாக வருந்த வேண்டிய விஷயம்.

நம் நாட்டவருக்குக் கமிட்டி புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்தரமேரூரில் வெட்டிய கல்வெட்டுக்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பேசுகின்றன. வாரியம் என்றால் கமிட்டிதான். குடவோலையைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம்; அந்த ஓலையில் பெயர் எழுதும் யோக்கியதை நிலமும் சாஸ்திரப் படிப்பும் உடைய சிலருக்கே இருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். நமக்கு அக்கல்வெட்டில் பிடித்த இடம் வேறு. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும், மறுபடி வாரியத்துக்கு வரலாகாது. பலர் கூடிச் செய்த காரியத்தில் பழி காற்றோடு போய்விடும் என்பதை அந்த ஊர்ச் சபையார் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உணர்ந்து, அதற்குப் பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே நம்முடைய அபிப்பிராயம் கமிட்டியின் பக்கமே. ஆனால் ஒரு நிபந்தனையோடு. யார் எப்படி வோட்டளித்தார் என்பது பெயர் பெயராகக் குறிக்கப்பட்டு, ஊரார் பார்க்கக் கிடக்க வேண்டும். பழியை எழுவரும் பங்கிட்டுக்கொள்ளலாம், ஒளித்துக்கொள்ளக் கூடாது. அவசரக் காரியங்களில் கமிட்டி தாமதிக்கும் என்பார்கள். வெள்ளத்துக்கும் தீக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். நூறு வருஷம் நின்ற மரத்தை வெட்ட ஒரு மாதம் யோசித்தால் யார் குடி முழுகிவிடும்? நம் வகுப்பில் வோட்டெடுத்தபோது கமிட்டிக்கு இருபத்தொன்று, மந்திரிசபைக்குப் பத்தொன்பது. தோற்ற கட்சியார் வோட்டளித்தவர்களின் பெயரையும் எழுத வேண்டும் என்றார்கள்; எழுதி வைத்தோம்.

2022 மே மாதத்தில் ஷெபீல்டில் புதிய கமிட்டிகள் அமர்ந்தன. கமிட்டித் தலைமைப் பதவிகளை மூன்று கட்சிகள் பங்கிட்டுக்கொண்டன. அதோடு விவகாரம் முடியவில்லை. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் வந்த அதிகாரப் பகிர்வு மசோதாவின் மூல வடிவத்தில், கமிட்டி முறையிலுள்ள சபைகள் தலைவர்-மந்திரிசபை முறைக்கு மாறவேண்டும் என்ற ஷரத்து இருந்தது. ஒரு முறை வாக்கெடுப்பு நடந்தால் பத்து வருஷத்துக்குள் மறு வாக்கெடுப்புக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஜனங்களைப் பத்து வருஷம் பொறுக்கச் சொன்ன பார்லிமெண்டின் முன்னிலையில், நாலு வருஷம் கடந்ததும் அந்த ஷரத்து வந்து நின்றது.