அப்பாரு வண்டியும் ஆறு மணி நேரப் பயணமும்

தாராபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அமராவதி ஆறும், காடு அனுமந்தராய சாமி கோயிலும் ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களான எங்களுக்குச் சாலைதான் எல்லாம். ரயில் வராத ஊர் இது. தெற்கே பழனிக்கோ, மேற்கே உடுமலைக்கோ, வடமேற்கே பல்லடம் தாண்டிக் கோயமுத்தூருக்கோ, எங்கே போவதானாலும் பஸ், இல்லையென்றால் சொந்த வண்டி. அதனால்தான் இந்தப் பக்கத்து வீடுகளில் காரைக்கூட ஒரு உறுப்பினர் மாதிரி பேசுவார்கள்.

எங்கள் வீட்டு உறுப்பினர் 1974ஆம் வருஷத்து அம்பாசிடர், மார்க் 2. மாமனார் வாங்கியது. முன்னால் பெஞ்சு மாதிரி நீளமான சீட், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். என் வீட்டுக்காரரைப் பள்ளிக்கூடத்துக்கும், என்னைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். மாமா தினமும் துடைத்துத் துடைத்து, இன்றைக்கும் பானெட்டில் முகம் பார்க்கலாம்.

வீட்டில் இப்போது இந்த வண்டியால் மூன்று கட்சி. மகன் சொல்கிறான்: "அம்மா, டீசல் என்ஜின் போட்டு, ஏசி வச்சு, அலாய் வீல் மாட்டி, கறுப்பு பெயிண்ட் அடிச்சா அப்பாரு வண்டி எப்படி இருக்கும் தெரியுமா!" மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஒரு ஆணியைக்கூடக் கழட்டக் கூடாது." பிரசவத்துக்கு வந்து, பேரனோடு இங்கேயே அடிக்கடி தங்கும் மகளுக்கு வேறு கவலை: "ரெண்டு வயசுக் குழந்தையை இதுல எப்படிம்மா கூட்டிட்டுப் போறது? பெல்ட்டே இல்லையே."

மூவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒரு நாள் கோயமுத்தூர் கார் மியூசியத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசலாம் என்று முடிவு செய்து, அந்த அம்பாசிடரிலேயே கிளம்பினோம். பேரனும் மகளும் பின்னால் பஸ்ஸில் வந்தார்கள். அவள் பிடிவாதம் அது.

விடியற்காலையில் குண்டடம் தாண்டும்போது இருபுறமும் காற்றாலைகள் சுற்றுவது பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும். பல்லடத்தில் விசைத்தறிச் சத்தம். சூலூரை நெருங்கும்போது மாமா கையைக் காட்டினார். ஜி.டி. நாயுடு 1893இல் பிறந்த கலங்கல் கிராமம் அந்தப் பக்கம்தான். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்தவர், பிற்பாடு பெரிய பஸ் கம்பெனியே நடத்தினார். நம் பக்கத்துச் சாலையில் ஆரம்பித்த கதை!

அவர் குடும்பத்தார் 2015இல் திறந்ததுதான் கோயமுத்தூர் அவினாசி சாலை பிரசிடெண்ட் ஹால் வளாகத்தில் இருக்கும் ஜீடி கார் மியூசியம். பல நாட்டுப் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். பெண்கள் அவசியம் நின்று பார்க்கவேண்டியது, 1886ஆம் வருஷத்து பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரி.

இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு இல்லத்தரசி இருக்கிறாள். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் வண்டியைச் செய்துவிட்டார், வாங்கத்தான் ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிஃபோர்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாள். எரிபொருளை வழியில் மருந்துக் கடையில் வாங்கினாள். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னாள். திரும்பி வந்ததும், மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னாள்.

யோசித்துப் பாருங்கள். அவள் வண்டிக்குப் பொட்டு வைத்து அலங்காரம் செய்யவில்லை. "தொடாதே" என்று பூட்டியும் வைக்கவில்லை. பிள்ளைகளோடு பத்திரமாகப் போய்ச் சேர எது தேவையோ அதை மட்டும் மாற்றினாள். எங்கள் மூன்று கட்சிக்கும் தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

மகனின் ஆசைக்குச் சட்டமும் கொஞ்சம் தடை. கம்பெனி கட்டிய அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்ஜினை வேறு வகையாக மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் பதியவும் வேண்டும். சொல்லாமல் மாற்றினால் விபத்து சமயத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை, சேஸிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாறாமல் இருந்தால், 'விண்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகிற எங்களுக்கு இப்போது அது சரிப்படாது. சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்வோம். ஆனால் டீசல் என்ஜின் போட்டுவிட்டால் பிற்பாடு அந்தக் கதவு மூடிவிடும்.

எதை மாற்றினோம்?

பாட்டியின் கூறைப்புடவையை மடித்துத் தைத்துக் கட்டலாம், பிரித்தால் பழையபடி புடவை ஆகும். வெட்டித் தைத்தால் ஆகாது. அந்தக் கணக்குத்தான் இதற்கும். நிறம், பாடி, என்ஜின், சீட்டு, சக்கரம் எல்லாம் பழையபடி. அலாய் வீல் வேண்டாமென்று மகனும் ஒப்புக்கொண்டான்.

முதலில் பிரேக். லைனிங், ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. அடுத்து பெட்ரோல் குழாய்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பரை அது இளக வைக்கும், கசிந்தால் தீ ஆபத்து. ஈயம் கலந்த பெட்ரோலும் 2000இல் நின்றுவிட்டது. பழைய என்ஜினில் வால்வு உட்காரும் இடம் தேயலாம். ஹெட்டை எப்போதாவது இறக்கினால் கெட்டியான வளையம் போடச் சொல்லியிருக்கிறோம்.

கடைசியாக பெல்ட். இங்கேதான் சிக்கல். நம் நாட்டில் 1994க்கு முன் வந்த கார்களில் முன்சீட் பெல்ட் கட்டாயமில்லை. பெல்ட் இல்லாத வண்டியில் குழந்தை சீட்டையும் கட்ட முடியாது. மடியில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வண்டி எதிலாவது மோதினால் 10 கிலோக் குழந்தை பல மடங்கு கனத்தோடு முன்னால் பாயும்; எந்தத் தாயின் கையாலும் பிடிக்க முடியாது. பெல்ட் போட, தரைத் தகட்டில் துளையிட்டு, அடியில் கனமான இரும்புத் தகடு கொடுத்து போல்ட் முடுக்கவேண்டும். ஸ்குரூவில் மாட்டினால் இழுப்புக்குப் பிய்ந்துவிடும். ஐம்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்த வண்டியில் துளை!

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மிணி, பையனுக்காகப் போடற துளைதானே? போடச் சொல்லுங்க" என்றார். மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பின் மகளும் பேரனும் பின்சீட்டில்தான் வருகிறார்கள். பேரன் அவனுக்கென்று வாங்கிய சீட்டில்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால்...

கழற்றிய பழைய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பெயர் எழுதிக் கட்டி டிக்கியில் வையுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சிறு துளைகள் மண் அடைத்தால் உள்ளேயே துரு பிடிக்கும். ஈர்க்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். தரை விரிப்பை மாதம் ஒரு தடவை எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். ஈர வண்டிமேல் தார்ப்பாய் போர்த்தாதீர்கள். வாரம் ஒரு தடவையாவது நாலு தெரு ஓட்டுங்கள். நின்றே இருந்தால் எலி வயரைக் கடிக்கும், பாட்டரியும் இறங்கும்.

மியூசியம் போகிறவர்கள் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தாராபுரத்திலிருந்து போய்வர, பார்ப்பதையும் சேர்த்து, ஆறு மணி நேரம் ஒதுக்கினால் போதும். புளிசாதமும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். பிள்ளைகளுக்கு பெர்த்தா கதையை அந்த மூன்று சக்கர வண்டி முன்னால் நிறுத்திச் சொல்லுங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு.